முதலில் வருகிறவன்: வடாற்காட்டு ஸ்கிட் நடிகர் ஒருவரின் தொழில் வாழ்க்கை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2021 கடைசி. ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் பஸ். நான் அண்ணன் என்று கூப்பிடும் அந்த நடிகருக்கு முன் சீட்டில் ஒரு பையன் போனில் ஒரு டிவி ஸ்கிட், அதாவது சின்னக் காமெடி நாடகம், பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். இயர்போன் போடவில்லை. இரண்டாவது வரியிலேயே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது, அது தன் குரல். எட்டிப் பார்த்தார். சிம்மாசனத்தில் ராஜா, பக்கத்தில் ஈட்டி பிடித்த காவலாளி. அந்தக் காவலாளிதான் இவர். பையன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். மாஸ்க் போட்ட மனுஷரை அவனுக்கு எப்படித் தெரியும்? வீடியோவின் கீழே ராஜாவாக நடித்தவர் பெயர் இருந்தது, நிகழ்ச்சியின் பெயர் இருந்தது. பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

அன்று ராத்திரி எனக்கு போன் வந்தது. "தம்பி, நான் அங்க எத்தினி ஸ்கிட்டு பண்ணேன்னு உன்னாண்ட ஏதாவது கணக்கு கீதா?"

என்னிடம் இல்லை. அவரிடமும் இல்லை. அந்தக் கணக்கைத் தேடப் போனதில் வந்ததுதான் இந்த ஆய்வு. நான் அவரோடு உட்கார்ந்து ஸ்கிட் எழுதியவன். இப்போது வேலூரில் காட்சித் தொடர்பியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அதனால் இது வெளியாள் எழுதியது இல்லை. அவர் மேல் எனக்குள்ள பாசம் வரிக்கு வரி தெரியும், அதை மறைக்கப்போவதில்லை. அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். இன்னமும் அங்கிருந்து எப்போதாவது ஒரு அழைப்பு வருகிறது, அது கெட்டுவிடக் கூடாது என்ற பயம். பெயர் கிடைக்காமல் போன ஒருவரைப் பற்றி நானும் பெயரில்லாமல் எழுதுவது எனக்கு வலிக்கிறது.

களத்தில் கற்றது

அவர் ஊர் பழைய வடாற்காடு மாவட்டத்தில், ஆற்காட்டுக்கும் ஆரணிக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா பட்டுத் தறி. தாய்மாமன் கூத்துக்காரர், கட்டியக்காரன் என்கிற கோமாளி வேஷம் கட்டுகிறவர். இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் திரௌபதியம்மன் திருவிழா என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி முழுக்கக் கூத்து. பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம். களிமண்ணில் செய்த துரியோதனன் ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளத்தில் படுத்திருப்பான். சாயங்காலம் தீமிதி. செய்யாறு பக்கத்துப் புரிசை, கூத்தை உலகத்துக்குக் கொண்டுபோன ஊர். அதைச் சுற்றியுள்ள எத்தனையோ ஊர்களில் இன்றும் ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், உண்டு.

கூத்தில் முதலில் களத்துக்கு வருகிறவன் கட்டியக்காரன். ராஜா வர நேரமாகும். வந்தாலும் உடனே முகம் காட்டமாட்டான்; இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடுவான். கட்டியக்காரன்தான் அவனைக் கேட்பான்: நீர் யார், எந்த ஊர், எதற்காக வந்தீர்? ராஜா பாட்டில் சொன்னதைக் கட்டியக்காரன் பேச்சில் திருப்பிச் சொல்வான். நடுவில் ஊர்த் தலைவரின் போர்வெல் ஏன் தண்ணீர் கொடுக்கவில்லை என்பதையும் கேட்டுவிடுவான். எல்லார் பெயரையும் கேட்கிற அவனுக்குக் கதையில் பெயர் கிடையாது. கட்டியக்காரன், அவ்வளவுதான்.

கதையில்தான் கிடையாது. வேஷம் கட்டியவரின் பெயர் ஊருக்கே தெரியும். கூத்து நடக்கும்போதே யாராவது பத்தோ நூறோ கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆட்டம் நிற்கும். மைக்கில் சொல்வார்கள்: இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், கட்டியக்காரன் வேஷதாரி இன்னாருக்கு அன்பளிப்பு. கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அண்ணன் பத்து வயதிலிருந்து மாமனோடு போனார். சின்னப் பையனுக்குத் திரை பிடிக்கிற வேலை. திரை பிடிக்கிறவன் ராஜாவையும் பார்க்கலாம், ஜனத்தையும் பார்க்கலாம். எந்த வார்த்தைக்கு எந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் சிரிக்கிறார்கள் என்பதை அங்கேதான் கற்றேன் என்பார்.

லீட்

ஆர்க்கெஸ்ட்ரா காலத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா மிமிக்ரி கலைஞர்களின் கதையும் அங்கே ஒன்றுதான். ஆடி மாசம், பொங்கல், குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பாடகர்கள் மூச்சு வாங்குகிற பத்து நிமிஷத்தில் நான்கு நடிகர்களின் குரல், ஒரு ரயில், ஒரு நாய்ச் சண்டை. அப்படி ஏழெட்டு வருஷம்.

விஜய் டிவியில் 2003இல் லொள்ளு சபா வந்ததும் 2005இல் கலக்கப் போவது யாரு வந்ததும் எங்கள் மாதிரி ஆட்களுக்கு வாசல் திறந்த மாதிரி இருந்தது. முதலாவது, சினிமாவைக் கிண்டல் செய்து முழு நாடகமாக நடிப்பது, ராம்பாலா இயக்கியது. இரண்டாவது, மேடையில் தனியாக நின்று சிரிக்க வைக்கிற போட்டி. அந்த அலையில் ஒவ்வொரு சேனலும் காமெடி நிகழ்ச்சி தொடங்கியது. நான்கு பேர், ஒரு கெட்டப், ஆறு நிமிஷம் என்கிற ஸ்கிட் அப்போதுதான் வீட்டுக்கு வீடு போனது.

அண்ணன் 2006இல் ஒரு சேனலின் தேர்வுக்குப் போனார். போட்டியாளராக எடுக்கவில்லை. "தனியா நின்னா எடுபடமாட்டீங்க, ஆனா கூட நின்னா நல்லா இருக்கு" என்றார்கள். அந்த வார்த்தை அவருடைய அடுத்த ஒன்பது வருஷத்தைத் தீர்மானித்துவிட்டது. மற்றவர்களின் ஸ்கிட்டில் கூட நடிக்கிறவர் ஆனார். காவலாளி, மாப்பிள்ளைத் தோழன், கம்பவுண்டர், வில்லனின் அடியாள். ஒல்லியான உடம்பு என்பதால் லேடி கெட்டப்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இரண்டு வார்த்தைகளை நாள் முழுக்கச் சொல்வார்கள்: லீட், கவுண்டர். சிரிப்பு வருகிற வரி கவுண்டர். அந்த வரிக்கு வழி போடுகிற வரி லீட். பார்க்கிறவர்களுக்குக் கவுண்டர் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். ஆனால் லீட் அரை நொடி பிந்தினால் கவுண்டர் செத்துவிடும். ஒரு வார்த்தை கூடினால் ஜனத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நல்ல லீட் கொடுக்கிறவன் சிரிப்பு வரப்போவது தெரிந்தும் முகத்தில் காட்டக் கூடாது. கேள்வி கேட்கிறவன் நிஜமாகவே பதில் தெரியாதவன் மாதிரி இருக்க வேண்டும். கட்டியக்காரன் ராஜாவைக் கேட்பதும் அப்படித்தான். துரியோதனன் யாரென்று தெரியாத ஆள் களத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் கட்டியக்காரன் கேட்கும்போது பதிலுக்காக எல்லாரும் காது கொடுப்பார்கள்.

ஆறு நிமிஷம்

ஒரு ஸ்கிட்டை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பஸ்ஸில் அந்தப் பையன் பார்த்துச் சிரித்தது இதுதான்.

2012. சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் பாதி நாளுக்கு மேல் கரண்டு இருக்காது. நானும் அவரும் ஆற்காட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதினோம். ராஜா தர்பார். எழுதிய வரிகள் இப்படி இருந்தன:

ராஜா: காவலா, மின்சார மந்திரி எங்கே?
காவலாளி: வந்தாரு மன்னா. (விளக்கு எரிந்து அணைகிறது.) போயிட்டாரு.
ராஜா: மறுபடி எப்போது வருவார்?
காவலாளி: அது தெரிஞ்சா, அரைகுறையா அரைஞ்ச மாவுல கைய வெச்சுக்கினு நான் ஏன் மன்னா நிக்கப்போறேன்?

காலையில் அவர் ஆற்காட்டில் பஸ் ஏறி பூந்தமல்லியில் இறங்கினார். படப்பிடிப்புத் தளம் அங்கிருந்து பக்கம். ஒரே நாளில் மூன்று எபிசோடு எடுப்பார்கள் என்பதால் முதல் நாள் ராத்திரி ஒத்திகை. பத்து மணி ஒத்திகையில் இரண்டு மாற்றம் சொன்னார்கள். மாவு வரி ராஜாவுக்குப் போகட்டும், ஜனம் அவரைத்தான் பார்க்க வந்திருக்கிறது. அடுத்தது, "வெச்சுக்கினு" வேண்டாம், மெட்ராஸ் பாஷை மாதிரி இருக்கிறது, மதுரை ஸ்லாங்கில் பேசுங்கள்.

இரண்டாவது மாற்றம் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. டிவி காமெடிக்கு மதுரைத் தமிழ் தெரியும், கோயம்புத்தூர்த் தமிழ் தெரியும், நெல்லைத் தமிழ் தெரியும். வடாற்காட்டுத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நம்முடைய 'கீது', 'வந்துகினு', 'இந்தாண்ட' எல்லாம் சென்னைக் கணக்கில் போய்விடும். ஒரு ஊர்ப் பேச்சுக்குத் திரையில் அடையாளம் இல்லையென்றால் அந்தப் பேச்சில் நடிக்கிறவனுக்கும் அடையாளம் கிடைக்காது. அண்ணன் கற்ற டைமிங் முழுக்க அந்தப் பேச்சின் இழுப்பில் இருந்தது. மதுரைக்கு மாறும்போது அவர் கொஞ்சம் திக்குவார்.

வரி போய்விட்டது. அவருக்கு மிச்சமிருந்தது ஒரே கேள்வி: "எப்ப மன்னா மறுபடி வருவாரு?" காமிரா ஓடியபோது அவர் செய்ததை ஸ்டூடியோவில் பின்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்தேன். கேள்வியைக் கேட்பதற்கு முன் வலது கையை மெல்லத் தூக்கினார். விரல்கள் விரிந்திருந்தன. மணிக்கட்டு வரை ஏதோ வழிகிற மாதிரி, உடுப்பில் பட்டுவிடாமல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தார். இடது கையில் ஈட்டி. கையில் ஒன்றுமில்லை, ஆனால் கிரைண்டரிலிருந்து எடுத்த கை என்பது அங்கிருந்த பெண்களுக்கு உடனே புரிந்துவிட்டது. சிரிப்பு அங்கேயே தொடங்கியது. அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்டார். ராஜா மாவு வரியைச் சொன்னதும் அரங்கம் அதிர்ந்தது. ஜனம் மாவை ஏற்கெனவே கண்ணால் பார்த்துவிட்டிருந்ததால்தான் அந்த வரி அப்படி விழுந்தது.

ஒளிபரப்பில் அந்தக் கை பாதிதான் வந்தது. எடிட்டிங்கில் ராஜாவின் முகத்துக்குப் போய்விட்டார்கள். முடிவில் பெயர்கள் ஓடும்போது அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரத்துக்காக அவற்றை ஓரத்தில் சுருக்கி வேகமாக ஓடவிட்டார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒப்பனை, உடை, விளக்கு எல்லாம் இருந்தது. அவர் பெயர் இல்லை.

ஒட்டுப் பெயர்

எங்கள் பக்கத்து ஆட்கள் உடனே ஒன்று கேட்பார்கள்: யோகி பாபுவும் ஆரணிதானே? அவரும் டிவியில் துண்டு வேஷம் கட்டினவர்தானே? ஆமாம். 1985இல் அவர் பிறந்தபோது ஆரணி வடாற்காடு மாவட்டம்; 1989இல் மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலைப் பக்கம் போனது. 2019இல் ஆற்காடும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது. கூத்துக்காரர்களைக் கேட்டால் எல்லாம் இன்னும் வடாற்காடுதான். யோகி பாபுவும் லொள்ளு சபாவில் சின்னச் சின்ன வேஷங்களில் தொடங்கியவர்.

அவர் மட்டும் மேலே போனதற்கு முகராசி, நேரம் என்று ஊரில் காரணம் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவருக்கு முதல் படமே பெயரைக் கொடுத்தது. 2009இல் வந்த யோகி படத்தில் நடித்த பாபு, யோகி பாபு ஆனார். சின்ன வேஷத்தில் வந்தாலும் அதற்குப் பிறகு அவர் யாரென்று கேட்க வேண்டியதில்லை. 2014இல் யாமிருக்க பயமே படத்தில் கொஞ்ச நேரமே வந்தும் ஜனம் பெயர் சொல்லிப் பேசியதற்கு அதுவும் ஒரு காரணம். 2021இல் மண்டேலா வந்தது. பெயரே இல்லாத ஒரு முடிதிருத்துகிறவர் பெயர் பெறுகிற கதை. அது தியேட்டருக்குப் போகாமல் நேராக விஜய் டிவியில் வந்தது. சின்ன வேஷத்தில் நின்ற அதே டிவிக்குக் கதாநாயகனாகத் திரும்பியிருக்கிறார். அண்ணன் அதை வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து பார்த்தார். பொறாமை ஒரு சொட்டு இல்லை. "நம்ம ஊர்க்காரன்" என்று தறிக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவந்தார்.

மற்றவர்களையும் பாருங்கள். லொள்ளு சபா மனோகர், லொள்ளு சபா சாமிநாதன்: நிகழ்ச்சியே முன்னால் ஒட்டிக்கொண்டது. ரோபோ சங்கர், உடம்பில் பெயின்ட் அடித்துக்கொண்டு ரோபோ மாதிரி ஆடியதால். வடிவேல் பாலாஜி, வடிவேலு கெட்டப்பால். டிவி காமெடியில் ஒட்டுப் பெயர் என்பது பட்டா மாதிரி. அது இருந்தால் சேனல் மாறலாம், கச்சேரிக்கு விலை சொல்லலாம், சினிமா வாசலில் யாரென்று சொல்லிக்கொள்ளலாம். தனக்கென்று ஒரு வித்தை, ஒரு கெட்டப், ஒரு நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வந்தவர்களுக்குத்தான் அது ஒட்டியது. எல்லார் ஸ்கிட்டிலும் வந்த அண்ணனுக்கு எதுவும் ஒட்டவில்லை. "ராஜா ஸ்கிட்டுல காவலாளியா வருவாரே" என்றுதான் அறிமுகம் செய்வார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவர் வேறு பக்கம் திரும்பிவிடுவார்.

எனக்கும் இதில் பங்குண்டு. நான் அவருக்காக எழுதியவன். ஒவ்வொரு ஸ்கிட்டிலும் அந்தக் காவலாளியையே திரும்பக் கொண்டுவந்திருக்கலாம். அந்த மாவுக் கையை ஐந்து ஸ்கிட்டில் வைத்திருந்தால் 'மாவு' என்றாவது ஒரு பெயர் ஒட்டியிருக்கும். அன்றைக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தால் போதும் என்று எழுதினேன். அது என் தப்பு.

ஒரு பக்கக் காகிதம்

2006இல் மேக்கப் மேஜையின் மேல் வைத்து அண்ணனிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இங்கிலீஷ், ஒரு பக்கம். நகல் கொடுக்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம். என் மாணவர்களுக்கு இதை வருஷா வருஷம் எடுக்கிறேன். பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. நடிக்கிறவர், பாடுகிறவர் போன்ற நிகழ்த்துகலைஞர்களுக்கு அதில் தனி உரிமை கிடைத்தது 1994 திருத்தத்தில்தான். வித்தைக்காரர், பாம்பாட்டி வரைக்கும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த உரிமை இப்போது 50 ஆண்டு செல்லும். 2012 திருத்தம் இன்னும் கொஞ்சம் போனது. இதை நடித்தது நான் என்று அடையாளம் கோரும் உரிமை 38பி பிரிவில் வந்தது. எழுத்தில் ஒப்புக்கொண்டு நடித்த பிறகு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்தப் பதிவைத் தயாரிப்பாளர் அனுபவிப்பதைத் தடுக்க முடியாது. ஆனாலும் வணிகத்துக்குப் பயன்படும்போது நடிகருக்கு ராயல்டி உண்டு என்று 38ஏ சொல்கிறது.

படிக்கும்போது மனசு நிறையும். அதே திருத்தத்தில் வந்த இன்னொரு வரியைப் படித்தால் வயிறு எரியும். ஒருவருடைய நடிப்பு ஒப்புக்கு வந்துபோகிற வகையாக இருந்து, தொழிலின் வழக்கப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்கேயும் சொல்லப்படாமல் இருந்தால், தன் நடிப்பைச் சிதைத்தால் ஆட்சேபிக்கலாம் என்கிற ஒன்றைத் தவிர மற்ற எதற்கும் அவர் நிகழ்த்துகலைஞராகக் கருதப்படமாட்டார். காட்சிப் பதிவு எதுவானாலும் சட்டத்துக்கு அது திரைப்படம்தான், டிவி ஸ்கிட்டும் அதில் அடங்கும். அண்ணனுடைய நடிப்பு வந்துபோகிற வகை இல்லை என்று நான் வாதாடுவேன். அந்தக் கையே அதற்குச் சாட்சி. ஆனால் டைட்டிலில் பெயர் இருந்திருந்தால் வாதாட வேண்டிய அவசியமே வந்திருக்காது. பெயர் ஓடுகிற அந்த நான்கு நொடியைக் கௌரவம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அது அவருடைய உரிமைப் பத்திரம்.

என் மாணவர்களிடம் நான் சொல்வது சின்ன விஷயங்கள்தான். கையெழுத்து போடுகிற காகிதத்தைப் போனில் படம் எடுங்கள். பெயர் வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுத்ததையாவது எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு ஷூட்டிங்கும் முடிந்த அன்றைக்கே தேதி, ஸ்கிட், வேஷம், உடன் நடித்தவர் என்று நோட்டில் எழுதுங்கள்.

நோட்டு

2015இல் நிகழ்ச்சியின் வடிவம் மாறியது. குழந்தைகள், புது முகங்கள். பழைய கூட்டாளிகளைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டார்கள். ஒரு சினிமாவில் அண்ணன் கதாநாயகனின் நண்பர்கள் கூட்டத்தில் நடித்தார். வெளிவந்த படத்தில் அந்தக் காட்சி இல்லை. அதற்குப் பிறகு கச்சேரி, கல்யாண வரவேற்பு, கடைத் திறப்பு. 2020இல் ஊரடங்கு வந்து திருவிழாக்கள் நின்றன. சாலிகிராமத்தில் நான்கு பேரோடு பகிர்ந்த அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்து அப்பாவின் தறியில் உட்கார்ந்தார். அந்த செப்டம்பரில் வடிவேல் பாலாஜி இறந்தார். அண்ணன் அவரோடு ஒரே மேக்கப் அறையில் இருந்தவர். அன்று தறி ஓடவில்லை.

பஸ் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் நோட்டு போட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் என் லேப்டாப். யூடியூபில் கிடைத்ததை எல்லாம் பார்த்து எழுதினோம்: தேதி, வேஷம், பெயர் வந்ததா. மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் 'இல்லை'. ஒரு கட்டத்தில் அவரே எழுதுவதை நிறுத்திவிட்டு நடிப்பைப் பார்க்க ஆரம்பித்தார். "இங்க சீக்கிரம் பேசிட்டேன் பாரு." "இது நல்லா வந்துகீது." பக்கத்து வீட்டுப் பாட்டி வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பாள். நோட்டு நிறைந்தது. அதை வைத்து என்ன செய்யலாம் என்று வேலூரில் ஒரு வழக்கறிஞரிடம் பேசியிருக்கிறோம்.

2023 வைகாசியில் மாமனின் ஜமா அவரைக் கூப்பிட்டது. மாமனுக்கு முட்டி வலி, இனிமேல் ராத்திரி முழுக்க ஆட முடியாது. கலவை பக்கம் ஒரு ஊர். விநாயகர் பாட்டு முடிந்தது, முகவீணை எழும்பியது, கோமாளிக் குல்லாவோடு அண்ணன் முதலில் வந்தார். முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சில நொடி உற்றுப் பார்த்தார்கள். ஒருவன் எழுந்து கத்தினான்: "டேய், மாவு!"

அண்ணன் நின்றார். வலது கையை மெல்லத் தூக்கினார், விரல்களை விரித்து, உடம்பிலிருந்து தள்ளி. களம் முழுக்கச் சிரிப்பு. அதற்குள் யாரோ ஒரு பெரியவர் மைக்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டார். மைக்கில் அவர் ஊர், அப்பா பெயர், அவர் பெயர், கட்டியக்காரன் வேஷத்துக்கு அன்பளிப்பு ரூபாய் இருநூறு. பெயரைச் சொல்லி முடிக்கும்வரை அண்ணன் கையை இறக்கவில்லை. திரைக்குப் பின்னால் துரியோதனன் தாளத்துக்குக் காத்துக்கொண்டிருந்தான்.